ரெண்டாம் கேட்டில் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்

பெயர் சின்னப்பையன். ஆளுக்கு ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். படிப்பு எட்டாவது, என்னைவிட மூன்று வகுப்பு அதிகம். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியின் இரண்டாம் கேட்டில் பதினோரு வருடமாக செக்யூரிட்டி. கம்பெனி ஆள் இல்லை. ஏஜென்சி ஆள். ஏஜென்சி திரும்பக் கூப்பிட்டால் போக வேண்டியதுதான்.

அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற பஸ் நான் ஓட்டுகிறேன். என் பெயர் டில்லி. ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்டு ஆளை அவர் கேட்டில் இறக்கிவிட்டு, எல்லோரும் உள்ளே போகும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். பேச்சுத் துணைக்கு அவரைத் தவிர அங்கே வேறு ஆள் கிடையாது. அவரும் எனக்குத் துணையாக இருந்தாரா என்று கேட்டால், இல்லை. அவருக்கு வரிசையில் முந்நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

தகடு அடிக்கிற மிஷினுக்கு பிரஸ் என்று பெயர். மாடி வீட்டு உயரம் இருக்கும். மேலே போகும், கீழே இறங்கும். நடுவில் தகடு இருந்தாலும் கை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் குடித்துவிட்டு வருகிறவனை கேட்டிலேயே பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லா கம்பெனி கேட்டிலும் இது நடக்கிறதுதான். செக்யூரிட்டி முகத்தைக் கிட்டே கொண்டுபோய் "ஊது" என்பான். வந்தவன் ஊதுவான்.

சின்னப்பையனும் முதல் ஒரு மாதம் அப்படித்தான் செய்தார். பிறகு விட்டுவிட்டார்.

"ஏன் அண்ணே வுட்டுட்ட?" என்று கேட்டேன்.

"ஊதுன்னு சொன்னாலே நீ குடிகாரன்னு சொன்ன மாதிரி. குடிக்காதவன் மூஞ்சி போற போக்கப் பாத்திருக்கியா நீ? அது மட்டுமில்ல டில்லி, ஊதச் சொன்னா உள்பக்கமா இழுக்கறானுங்க. பேசச் சொன்னா அந்த வேலை நடக்காது. பேசறவன் காத்த வெளிய வுட்டுத்தான் ஆவணும்."

ஆக இது ஒரு தந்திரமாகத்தான் ஆரம்பித்தது. வருகிற ஒவ்வொருத்தனையும் ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்லும்போது வாடை பிடிப்பார். "நேத்து இன்னா கொழம்பு?" என்பார். "சாம்பார்" என்று ஒரு வார்த்தையில் சொன்னால் விட மாட்டார்.

"சாம்பார்னா உதட்டோட நின்னுபூடுது. ரெண்டு வாக்கியமா சொல்லு."

"முள்ளங்கி சாம்பார்ணா. உப்பு கம்மி."

"ம். போ."

இப்படி தலைக்கு இரண்டு வாக்கியம். பையன்கள் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு வருவார்கள். பின்னால் உட்கார்ந்து ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்கும். ஒருத்தன் நான்கு நாளாக சப்பாத்தி குருமாவையே சொன்னான். ஐந்தாம் நாள், "உன் ரூமுக்கு எதிர்ல கோதுமை மில்லு கீதா?" என்று கேட்டார். இன்னொருத்தன் பிரியாணி சாப்பிட்டேன் என்று பெருமைக்குச் சொன்னான். எந்தக் கடை, யாரோடு போனாய், பீஸ் எத்தனை என்று வரிசையாகக் கேட்டார். மூன்றாம் கேள்வியில் அது எலுமிச்சம்பழ சாதமாகிவிட்டது.

முதல் வருடம் பதிலில் அவருக்கு அக்கறை இல்லை, வாடையில்தான் அக்கறை. அவரே சொல்லியிருக்கிறார். பிறகு எப்போது மாறியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு நாள் பார்த்தால், வாடை எல்லாம் பிடித்து முடித்த பிறகும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எவன் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது என்று எல்லாம் அவரிடம் இருந்தது. வரிசை நகராமல் நான் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்துச் சொல்வார்: "கேள்விய கேட்டுட்டு பதிலுக்கு நிக்கலன்னா, அதுக்குப் பேரும் ஹாரன்தான் டில்லி."

பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மனைவி கோவிந்தம்மா தண்டலத்தில் ஒரு காலேஜில் துப்புரவு வேலை செய்கிறார். ஒரு தடவை என் பஸ்ஸில் ஏறியபோது சொன்னார்: "கேட்ல நின்னுகினு முந்நூறு பேர இன்னா கொழம்புன்னு கேக்குது. வூட்ல நான் இன்னா கொழம்பு வெச்சேன்னு அதுக்குத் தெரியாது. கேட்டா வாய் வலிக்குதாம்."

நான் இதை அவரிடம் சொன்னேன். "நெசம்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாய் வலித்திருக்கும்.

போன வருடம் ஆடியில் ஒரு மிஷின் வந்தது. மஞ்சள் நிறம், செங்கல் அளவு. வெளிநாட்டு கஸ்டமர் வந்து பார்த்துவிட்டு, வாடை பிடிக்கிறதெல்லாம் கணக்கில் வராது, நம்பர் வேண்டும் என்று சொல்லிவிட்டானாம். மிஷினை வேலைக்கு வருகிறவன் வாய்க்கு நேரே பிடிக்க வேண்டும். அவன் ஊதுவான். மேலே ஒரு சின்னக் கண்ணாடியில் நம்பர் வரும். பூஜ்யம் வந்தால் உள்ளே. வேறு எது வந்தாலும் வெளியே. ஆளுக்கு நான்கு செகண்டு.

அந்தக் கண்ணாடி மேல்பக்கமாக இருந்தது. நம்பரைப் பார்க்க செக்யூரிட்டி தலையைக் குனிய வேண்டும். மிஷின் செய்தவன் அதை ஒரு குறையாக நினைத்திருக்க மாட்டான். நாங்களும் நினைக்கவில்லை.

சின்னப்பையன் கேள்வியை விடவில்லை. பழக்கம். நம்பரைப் பார்த்துக்கொண்டே "இன்னா கொழம்பு?" என்பார். அவன் ஊதியபடியே ஏதோ சொல்வான். வரிசை நகரும். எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பஸ்ஸை எடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்விடலாம்.

இப்போது பேச்சிராஜ். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வயது இருபத்தாறு. பிரஸ் ஷாப்பில் மூன்று வருடமாக கான்ட்ராக்ட். வாய்த்துடுக்கு. "என்ன கொழம்பு" என்று கேட்டால் மெஸ்காரனை வம்சத்தோடு இழுத்துத் திட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். சின்னப்பையனுக்கு அவனைப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணி ஷிப்டு. பேச்சிராஜ் ஊரில் கோவில் கொடைத் திருவிழா முடித்து, ராத்திரி பஸ் பிடித்து, காலையில் இறங்கி, தூங்காமல் வேலைக்கு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. என் பஸ்ஸில் முன் சீட்டில்தான் வந்தான். ஒன்றும் பேசவில்லை.

வரிசையில் அவன் முறை வந்தது. சின்னப்பையன் மிஷினை நீட்டினார். ஊதினான். சின்னப்பையன் குனிந்தபடியே கேட்டார்.

"ஊர்லேர்ந்து எப்ப வந்த?"

"சாம்பார்தான் அண்ணாச்சி. அப்பளம் நமுத்துப் போச்சு."

நம்பர் பூஜ்யம். ஆனாலும் சின்னப்பையன் மிஷினை எடுக்கவில்லை. இன்னும் குனிந்தபடியே கேட்டார்.

"அம்மாவுக்கு ஒடம்பு எப்டி கீது?"

"மோர் இல்ல. அவன் எப்பம் மோரு வச்சான்?"

அப்போதுதான் நிமிர்ந்தார். பேச்சிராஜின் சிவந்த கண்ணைப் பார்த்தார். மாத்திரை கீத்திரை போட்டிருக்கிறான், நிதானத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

"நீ இன்னிக்கு வூட்டுக்குப் போ."

"எதுக்கு? சைபர்தான வந்திருக்கு?"

"போன்னா போ."

"மிசின் போச்சொல்லுது, நீங்க போவாதங்கிய. யாரு பேச்ச கேக்க?"

நியாயமான கேள்வி. பூஜ்யம் வந்தவனை நிறுத்த விதி கிடையாது. கேட்டில் இருக்கிற நோட்டில் ஆளைத் திருப்பி அனுப்பக் காரணம் எழுத நான்கு கட்டம்தான் உண்டு. குடி, அடையாள அட்டை இல்லை, செல்போன், சேஃப்டி ஷூ இல்லை. கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று கட்டம் இல்லை.

சின்னப்பையன் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்தார். பிறகு, "ஷூவக் கழட்டு, அடிப்பக்கம் பாக்கணும்" என்றார். பேச்சிராஜ் கழற்றிக் கொடுத்தான். வாங்கியவர் நேராகக் கேபினுக்குள் போய், இரண்டு ஷூவையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, நோட்டில் நான்காவது கட்டத்தில் டிக் அடித்தார். ஷூ இல்லை. உண்மைதான். அந்த நிமிடத்தில் அவனுக்கு ஷூ இல்லை.

பிறகு நடந்ததை என் பஸ்ஸே பார்த்தது. பேச்சிராஜ் சாக்ஸோடு நின்று கத்தினான்.

"நீரு என்ன டாக்டரா வேய்? எம் மூஞ்சிய பாத்து சீக்கு சொல்லுதீரா? என் ஒரு நாள் அட்டென்டன்ஸ நீரு தருவீரா?"

சின்னப்பையன் அடுத்த ஆளிடம் மிஷினை நீட்டினார்.

உள்ளே மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஆள் இல்லாமல் இருபத்திரண்டு நிமிடம் லைன் நின்றது. கார் கம்பெனியில் இருபத்திரண்டு நிமிடம் என்பது ஒரு சாவுக்குச் சமம். செக்யூரிட்டி ஆபீசர் ராஜாமணி ஓடிவந்தார். பட்டாளத்தில் இருந்தவர். ஷூவை எடுக்கச் சொல்லி, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருட சர்வீசில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மறுநாள் மெமோ வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெச்.ஆர். விசாரணை. ராஜாமணி சின்னப்பையனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "அந்தப் பையன் அன்னைக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நீ கேட்ல இருப்ப. நல்லாதான் இருந்தேன்னு எழுதினா, மாசக் கடைசில உன்ன ஏஜென்சிக்கு அனுப்பிடுவோம். அப்புறம் என் கைல இல்ல சின்னப்பையன்."

ஐம்பத்து நாலு வயதில் ஏஜென்சிக்குத் திரும்பிப் போகிறவனை ஏஜென்சி எங்கே அனுப்பும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு. வீட்டில் அவருக்குப் பேச வராது.

வியாழக்கிழமை காலை என்னிடம் வந்தார். "வா டில்லி, அந்தப் பையன் ரூமுக்குப் போவணும்."

"லெட்டர் கேக்கவா?"

"ஆமா."

"நீ போய் கேளு. நான் எதுக்கு?"

"தனியா போனா இன்னா பேசறதுன்னு தெரியல."

பதினோரு வருடத்தில் லட்சக்கணக்கான கேள்வி கேட்ட மனிதர். என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வல்லக்கோட்டை போகிற வழியில், டயர் கடைக்கு மேலே ஒற்றை ரூம். ஆறு பேர் தங்குகிறார்கள், மூன்று பாய். ஷிப்டு மாற மாற ஆள் மாறிப் படுப்பார்கள். நாங்கள் போனபோது இரண்டு பேர் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். ஒருத்தன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பேச்சிராஜ் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாளியில் யூனிபாரம் துவைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டவ்வில் குக்கர்.

சின்னப்பையன் நிலைப்படியில் நின்றார். கையில் மிஷின் இல்லை, நோட்டு இல்லை, தடுப்புக் கம்பி இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார். வேறு வழியில்லாமல் தெரிந்த கேள்வியைக் கேட்டார்.

"சாப்ட்டியாப்பா?"

பதில் இல்லை.

"பேச்சி. சாப்ட்டியா?"

பதில் இல்லை. சட்டையைப் பிழிந்தான்.

"கோவமா கீறாம்பா. வா, போலாம்" என்றேன்.

அப்போது குக்கர் விசில் அடித்தது. தூங்கிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் போர்வைக்குள் புரண்டான். எனக்கே திடுக்கென்றது. பேச்சிராஜ் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான், அசையவில்லை. இரண்டாவது விசில் அடித்து, ஆவி சுவரில் பட்டு அடங்கியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை நீட்டி ஸ்டவ்வை அணைத்தான்.

பல் தேய்த்தவன் போய் அவன் தோளைத் தொட்டான். பேச்சிராஜ் திரும்பினான். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

சின்னப்பையன் இரண்டு எட்டு கிட்டே போனார். பிறகு ஒரு காரியம் செய்தார். இருமுகிறவர் மாதிரி கையால் வாயை மூடிக்கொண்டு, மூடியபடியே ஏதோ கேட்டார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. "உன் ஊர் பேரு இன்னா?" என்றார்.

பேச்சிராஜ் அந்தக் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கைய எடுங்க அண்ணாச்சி" என்றான்.

சின்னப்பையன் கையை எடுத்தார். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். பேண்ட் நனைந்தது.

"எவ்ளோ நாளா?"

"எட்டு மாசம் இருக்கும். எடது காது சுத்தமா இல்ல. வலது காதுக்குள்ள ஏதோ ஒரு எரைச்ச மட்டும் கேக்கும், வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காது."

"காதுக்குப் போட பஞ்சு மாதிரி ஒண்ணு குடுத்தாங்களே."

"குடுத்தாவ. அதப் போட்டா லைன் லீடர் சொல்லுதது காதுல விழாது. விழலன்னா ஏசுவான். அவன் பேச்சு கேக்கணுமேன்னு கழத்திப் பாக்கெட்ல போட்டேன். இப்பம் அவன் பேச்சும் கேக்கல."

சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

"கேட்ல நல்லாத்தான பதில் சொல்லிகினு இருந்த?" என்றார் சின்னப்பையன்.

"நீங்க மூஞ்சிய பாத்துதான கேப்பிய. வாய பாத்தா புரிஞ்சிரும். அந்தக் கம்பெனியிலயே எனக்கு ஒங்க கேட்டுல மட்டுந்தான் செரமம் இல்ல. மிசின் வந்த பொறவு ஒங்க உச்சந்தலதான் தெரியுது. எதையாவது சொல்லி வைப்போம்னு கொழம்பச் சொல்லிட்டுப் போயிருவேன். எப்பமும் அதத்தான கேப்பிய."

சின்னப்பையன் உச்சந்தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். வழுக்கைதான்.

"லெட்டருக்குத்தான வந்திய?" என்றான் பேச்சிராஜ்.

"ஆமா. லெட்டருக்குத்தான் வந்தேன். இப்ப வேணாம்."

"ஏன் வேண்டாம்?"

"ஒடம்பு சரியில்லன்னு நீ எழுதினா, டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. டாக்டர் மொதல்ல காதத்தான் பாப்பாரு."

"நீங்க போயி சொல்லிட்டியன்னா? ஒங்க வேல பொழைக்குமே."

"சொல்ல மாட்டேன்." நிறுத்தினார். "ஆனா நீ பிரஸ்ஸாண்ட நிக்கக் கூடாது."

"அத நீரு முடிவு பண்ணுவீரா? ஷூவ முடிவு பண்ணின மாதிரி?"

மரியாதை இறங்கியதை நான் கவனித்தேன். சின்னப்பையனும் கவனித்தார். பல் தேய்க்கிறவன் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"அன்னிக்கு உன்னைக் கேக்கல" என்றார் சின்னப்பையன். "தலையக் குனிஞ்சிகினு கேட்டா அது கேட்டதுல சேராது. பதில் தப்பா வந்துது, நீதான் தப்புன்னு நெனச்சுகினேன். இன்னிக்கு கேக்கறேன். இன்னா பண்ணலாம், சொல்லு."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேச்சிராஜ் ஒன்றைச் சொன்னான். புரட்டாசியில் ஒரு நாள் தலைக்கு மேலே கிரேன் தகட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கிரேன்காரன் சங்கு ஊதியிருக்கிறான். இவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "அவன் கையில சட்ட கிழிஞ்சுது. நான் அவன்கிட்ட சண்டைக்குப் போனேன், சட்டைக்கு" என்றான். வீட்டில் சொல்லவில்லை. கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை, எழுதி அனுப்பச் சொல்கிறான். தன்னோடு பேசவே அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் அழுகிறாளாம்.

சின்னப்பையன் ஆறுதல் சொல்லவில்லை. கோவிந்தம்மாவைப் பற்றிச் சொன்னார். "எனக்குக் காது நல்லாத்தான் கீது. ஆனாலும் எங்க வூட்லயும் அதே கதைதான்" என்றார். பேச்சிராஜ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு கவனமாக அவர் பேச்சை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒன்றும் முடிவாகவில்லை. எனக்குப் பதினொன்றரைக்கு வண்டி எடுக்க வேண்டும். "அண்ணே" என்றேன். எழுந்தார். நாளைக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று அவன் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணி. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், வரிசை எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல. ஏ.சி. ரூம், நீள மேஜை. ஹெச்.ஆர். மேடம் பெயர் ஜாஸ்மின். முப்பது வயது இருக்கும். நல்ல பெண்தான். எதிரே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த கேள்வியை வாசித்து, வருகிற பதிலைத் தட்டினாள். ராஜாமணி பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நானும் சின்னப்பையனும் பேச்சிராஜும் சுவரோரம்.

"ஷூவ எடுத்து பூட்டினது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"ஏன்?"

"தப்பு என்னுது. மிஷினப் பாத்துகினே கேள்வி கேட்டேன். பதில் தாறுமாறா வந்துது. பையன் நிதானத்துல இல்லன்னு நெனச்சுட்டேன்."

தட்டினாள். "அவர் நிதானத்துல இருந்தாரா, இல்லையா?"

இங்கே சின்னப்பையன் வாயைத் திறந்தால் அவர் வேலை பிழைக்கும், பேச்சிராஜின் வேலை போகும். அது மேஜையில் இருந்த எல்லோரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"சொல்லுய்யா" என்றார் ராஜாமணி.

"அத நான் சொல்லக் கூடாது சார்."

ஜாஸ்மின் மேடம் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். திரையைப் பார்த்தபடியே, "மிஸ்டர் பேச்சிராஜ், செவ்வாக்கிழமை உங்க ஒடல்நிலை எப்படி இருந்துச்சு?" என்றாள்.

பேச்சிராஜ் சும்மா இருந்தான்.

"மிஸ்டர் பேச்சிராஜ்?"

சும்மா இருந்தான். லேப்டாப் மூடி அவள் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. சின்னப்பையன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்தார். ஒரு ஜாடை காட்டினால் போதும். காட்டவில்லை.

"மேடம் கேக்கறாங்க இல்ல!" என்று ராஜாமணி மேஜையைத் தட்டினார்.

மேஜை அதிர்ந்தது பேச்சிராஜுக்குத் தெரிந்தது. ராஜாமணியைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"மேடம், அந்த மூடிய கொஞ்சம் தாத்துங்க. எனக்குக் காது கேக்காது. மூஞ்சிய காட்டிக் கேட்டா சொல்லுவேன்."

ரூமில் ஏ.சி. சத்தம் மட்டும் இருந்தது. அது அவனுக்குக் கேட்டிருக்காது.

ஜாஸ்மின் மேடம் லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகு அவளிடம் கேள்வி இல்லை. எல்லாம் உள்ளே இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து எங்கள் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"இது எப்போலேர்ந்து? வீட்ல யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

சொன்னான். பஞ்சைக் கழற்றியதைச் சொன்னான், லைன் லீடரைச் சொன்னான், கிரேனைச் சொன்னான். அவள் புரியாத இடத்தில் திரும்பக் கேட்டாள். அவனும் புரியாத இடத்தில், "வாய தொறந்து சொல்லுங்க மேடம், உள்ளயே பேசுதிய" என்றான். அவள் கோபப்படவில்லை. பத்து நிமிடம் என்று சொன்ன விசாரணை முக்கால் மணி நேரம் ஓடியது. ராஜாமணி நடுவில் சட்டைக் காலர் பட்டனைக் கழற்றிவிட்டார்.

முடிவில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். நடந்தது இது. பேச்சிராஜை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காது பார்க்க அனுப்பினார்கள். ரிப்போர்ட் அவன் சொன்னதைவிட மோசமாக வந்தது. கான்ட்ராக்ட்காரன் அவனை அனுப்பிவிடத்தான் பார்த்தான். ஜாஸ்மின் மேடம் எங்கேயோ சண்டை போட்டு பேக்கிங்கில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தாள். அங்கே சம்பளம் கொஞ்சம் கம்மி, பிரஸ் கிடையாது. ஊரில் பெண் வீட்டாரிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் வீடியோவில் பேசுகிறாளாம்.

ஷூவைப் பூட்டியதற்குச் சின்னப்பையனுக்கு மூன்று நாள் டூட்டி கட். மெமோ ஃபைலில் இருக்கிறது. கேட்டை விட்டு எடுக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று மேடம் கேட்டதற்கு, ஒரு இரும்புக் கம்பம் வேண்டும் என்றார். மெயின்டனன்ஸில் பழைய பைப்பை வெட்டி, ஆள் முகத்து உயரத்துக்கு ஒரு கம்பம் அடித்துக் கொடுத்தார்கள். மிஷின் இப்போது அதில் பக்கவாட்டில் மாட்டியிருக்கிறது. நம்பரும் ஊதுகிறவன் முகமும் ஒரே நேரத்தில் தெரியும். ஆளுக்கு நான்கு செகண்டு என்பது ஏழு ஆகிவிட்டது.

பேச்சிராஜ் இன்னும் அந்த ஒரு நாள் அட்டென்டன்ஸை விடவில்லை. தினமும் கம்பத்துக்கு முன்னால் நின்று ஊதி முடித்துவிட்டு, "அண்ணாச்சி, எங்க என் செவ்வாக்கெழம?" என்று ஆரம்பிப்பான். சின்னப்பையன் அவன் முகத்தை நேராகப் பார்த்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, "தர மாட்டேன், போடா" என்பார். பின்னால் நூறு பேர் நிற்பார்கள்.

இதனால் வரிசை நீள்கிறது என்று, மதியம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து கால் மணி நேரம் முன்னதாக எடுக்கச் சொல்லி பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.